முகவரியின் கடைசி வரி: ஹட்டன் வாசகசாலையில் போலி இணைப்புகளைப் பிரித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் இருந்து ஓர் அக்கா எங்கள் வாசகசாலைக்கு வந்தார். கொழுந்து எடுப்பவர். போனை நீட்டி, "தம்பி, இதுல எங்க விவரத்தையெல்லாம் போட்டுட்டேன். நீங்க ஒட்டியிருந்த பேப்பர்ல இது நல்ல லிங்க்னுதானே இருந்துச்சு?" என்று கேட்டார். அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கு மேன்முறையீடு என்று வட்ஸ்அப்பில் வந்த இணைப்பு அது. அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், போனுக்கு வரும் இரகசிய எண் மூன்றையும் கேட்டிருந்தது. முதல் இரண்டையும் அவர் கொடுத்துவிட்டார். மூன்றாவதைக் கொடுக்கும் முன்னர்தான் சந்தேகம் வந்து, பஸ் ஏறி வந்திருக்கிறார்.

அவர் சொன்னது சரி. எங்கள் சுவரில் ஒட்டிய பட்டியலில் அந்த இணைப்புக்கு நேரே "அரச தளம்" என்று அச்சாகி இருந்தது. அது அரச தளம் இல்லை. உடனே வங்கிக்குப் பேசினோம், பணம் எதுவும் போகவில்லை. ஆனால் அந்தப் பேப்பரை நம்பி இன்னும் எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பட்டியலைத் தயாரித்த வாய்பாட்டை எழுதியது நான். அது எங்கே பிழைத்தது, எப்படித் திருத்தினோம் என்பதை ஒளிக்காமல் எழுதி வைக்கிறேன். ரெஜெக்ஸ் என்பது எழுத்துகளின் ஒழுங்கைக் குறிகளால் எழுதித் தேடும் முறை. அதைக் கொண்டு முகவரியில் இருந்து டொமைன் பெயரை, அதாவது தளத்தின் பெயரைப் பிரிக்கும் யாருக்கும் இதே பிழை நேரலாம்.

முதலில் ஒன்று. போலி இணைப்புகளை உள்ளபடியே எழுதினால் யாராவது அழுத்திப் பார்ப்பார்கள். அதனால் கீழே வரும் முகவரிகள் எல்லாவற்றையும் பெயர் மாற்றி, தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவதையும், கவ் புள்ளி எல்கே என்ற நமது அரச முடிவையும், டாப் என்ற முடிவையும் வாசிக்கும்போதே புரிந்துகொள்வீர்கள்.

பின்னணி

சமுர்த்திக்குப் பதிலாக 2023இல் அஸ்வெசும வந்தது. விண்ணப்பம், மேன்முறையீடு, வங்கிக் கணக்கு என்று ஆளுக்கொரு சந்தேகம். போலி இணைப்புகள் அந்தச் சந்தேகத்தின் மேல்தான் ஏறி வருகின்றன. டிவிஷன் குழுவில் காலையில் விழுந்த ஒரு இணைப்பு, பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) முடிந்து மலைக்கு ஏறுவதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள் சந்தேகமான இணைப்புகளை எங்களுக்கு அனுப்புவார்கள். நான் அவற்றைக் கூகுள் ஷீட்டில் ஒட்டி, ஒவ்வொன்றிலும் டொமைனை மட்டும் பிரித்து, எது எத்தனை தடவை வந்தது என்று எண்ணுவேன். சம்பள வாரத்தில் டவுனுக்கு வருகிற சனம் பார்க்கட்டும் என்று அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவோம்.

டொமைனை மட்டும் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே போலித் தளம் நூறு விதமான முகவரியோடு வரும். வால் மாறும், தலை மாறும். சொந்தக்காரரைக் காட்டுவது நடுவில் இருக்கும் அந்தத் துண்டுதான்.

முதல் வாய்பாடு

நான் முதலில் எழுதியது இது:

`//(.+)/`

இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு, அடுத்த சாய்கோடு வரை உள்ளதை எடு. அப்படித்தான் நான் நினைத்தேன். வாய்பாடு செய்தது வேறு. `.+` பேராசை பிடித்தது. எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் விழுங்கிவிட்டு, கடைசிச் சாய்கோட்டில்தான் நிற்கும். `எச்டிடிபிஎஸ்://தளிர்.இலங்கை/செய்தி/2024/மே` என்று கொடுத்தால் `தளிர்.இலங்கை/செய்தி/2024` என்று வந்தது. இது கண்ணுக்குத் தெரிந்த பிழை, அதனால் அன்றே பிடித்தேன். ஒரு கேள்விக்குறி சேர்த்து `//(.+?)/` என்று மாற்றினேன். இப்போது முதல் சாய்கோட்டில் நின்றது. அத்தோடு வேலை முடிந்தது என்று நம்பினேன்.

முடியவில்லை. டொமைனுக்குப் பிறகு சாய்கோடே இல்லாவிட்டால் எதுவும் பொருந்தாமல் பிழைக் குறி விழும். `தளிர்.இலங்கை?வழி=/முகப்பு` போன்ற ஒன்று வந்தால், டொமைனோடு `?வழி=` என்பதும் ஒட்டிக்கொண்டு வரும்.

ஷீட்டின் அடுத்த பத்தியில் (நெடுவரிசையில்) "இது அரச தளமா" என்று பார்க்க, இப்படி ஒரு தேடல் வைத்தேன்:

`கவ்.எல்கே`

அக்காவை ஏமாற்றியது இந்த ஒரு வரிதான். இதில் இரண்டு ஓட்டை. ரெஜெக்ஸில் வெறும் புள்ளி என்றால் புள்ளி என்று அர்த்தம் இல்லை, "ஏதாவது ஒரு எழுத்து" என்று அர்த்தம். ஆகவே `நலன்-கவ்-எல்கே.டாப்` என்ற முகவரியில் இருக்கும் சிறுகோட்டையும் அது புள்ளியாக ஏற்றுக்கொண்டது. பின்சாய்கோடு போட்டு `கவ்\.எல்கே` என்று எழுதியிருந்தால் இந்த ஓட்டை அடைபட்டிருக்கும். பெரிய ஓட்டை மற்றது. அக்காவுக்கு வந்த முகவரி இப்படி இருந்தது:

`எச்டிடிபிஎஸ்://நலன்.கவ்.எல்கே.உதவி-படிவம்.டாப்/விண்ணப்பம்/`

கவ், புள்ளி, எல்கே எல்லாமே அதில் ஒழுங்காக இருக்கின்றன. என் தேடல் "இருக்கிறதா" என்று மட்டும் கேட்டது. "எங்கே இருக்கிறது" என்று கேட்கவில்லை.

தபால்காரர் எப்படி வாசிப்பார்

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு முகவரி என்ற சொல்லே கொஞ்சம் வலிக்கும். லயத்துக் காம்பராவுக்கென்று தனி முகவரி இல்லாமலே எங்கள் தாத்தா பாட்டி காலம் போனது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரும், சில வேளை வராது. நேர்முகத் தேர்வுக் கடிதம் பிந்தி வந்து வேலையை இழந்தவர்கள் எங்கள் லயத்திலேயே உண்டு. ஆகவே முகவரியைச் சரியாக வாசிப்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

கடித உறையில் ஆளின் பெயர் முதலில் வரும். பிறகு லயம், டிவிஷன், தோட்டம், கடைசியில் ஊர். தபாலைப் பிரிப்பவர் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பார். முதல் வரியில் "நுவரெலியா கச்சேரி" என்று பெரிதாக எழுதி, கடைசி வரியில் "பண்டாரவளை" என்று போட்டால் அந்தக் கடிதம் பண்டாரவளைக்குத்தான் போகும். டொமைனும் அதே ஒழுங்கு. `நலன்.கவ்.எல்கே.உதவி-படிவம்.டாப்` என்பதில் ஊர் டாப். அந்த ஊரில் உதவி-படிவம் என்ற பெயரை ஒருவர் காசு கொடுத்துப் பதிந்திருக்கிறார். அதற்கு இடப்பக்கம் எதை வேண்டுமானாலும் எழுத அவருக்கு உரிமை உண்டு, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கவ், எல்கே என்ற சொற்களை உறையின் முதல் வரியில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

இதை விளங்கிக்கொண்ட பிறகு வேலை இரண்டாகப் பிரிந்தது. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் சாய்கோடு எங்கே என்று பார்த்து, நடுவில் உள்ள முழுப் பெயரை (இதை ஹோஸ்ட் என்பார்கள்) வெட்டி எடுப்பது ஒன்று. வெட்டி எடுத்ததை வலமிருந்து இடமாக வாசித்துச் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது மற்றது. நான் இரண்டையும் ஒரே கலக்காகக் கலக்கியிருந்தேன்.

வெட்டுவது

இணைய முகவரியின் இலக்கணம் ஆர்எஃப்சி 3986 என்ற ஆவணத்தில் இருக்கிறது. டிம் பெர்னர்ஸ்-லீ, ரோய் ஃபீல்டிங், லாரி மசின்டர் மூவரும் எழுதி 2005 ஜனவரியில் வந்தது. அதன் பின்னிணைப்பில் ஒரு முழு ரெஜெக்ஸே கொடுத்திருக்கிறார்கள்:

`^(([^:/?#]+):)?(//([^/?#]*))?([^?#]*)(\?([^#]*))?(#(.*))?`

பாருங்கள், இதில் எந்த மொழியின் எழுத்தும் இல்லை. வெறும் குறிகள். எந்த மொழிப் பெயர் வந்தாலும் இது வேலை செய்வதற்குக் காரணம் அதுதான். `[^/?#]*` என்றால் "சாய்கோடு, கேள்விக்குறி, ஹேஷ் இவை மூன்றும் அல்லாத எதுவும்" என்று பொருள். பெயர் எப்படி இருக்கும் என்று அது விவரிப்பதில்லை. பெயர் எதில் முடியும் என்று மட்டும் சொல்கிறது. என் `.+?` செய்ய முயன்றதும் இதையே, ஆனால் முடிவுக்கு ஒரே ஒரு குறியை மட்டும் நம்பியது.

இதை அப்படியே ஷீட்டில் போட்டால், ஒவ்வோர் அடைப்புக்குறிக்கும் ஒரு விடை என்று, அடைப்புக்குறி ஒன்பது இருப்பதால் விடையும் ஒன்பது பத்தியில் பரவும். நமக்கு வேண்டியது நாலாவது மட்டும். அதுவும் ஹோஸ்டோடு நிற்காது. முன்னால் பயனர் பெயரும் `@` குறியும், பின்னால் முக்காற்புள்ளியும் போர்ட் எண்ணும் (கணினியின் எந்த வாசலுக்குப் போவது என்ற இலக்கம்) ஒட்டி வரலாம். அந்த `@` ஆபத்தானது. `எச்டிடிபிஎஸ்://நலன்.கவ்.எல்கே@உதவி-படிவம்.டாப்/` என்ற முகவரியில் `@` குறிக்கு முன்னால் இருப்பது முழுதும் பயனர் பெயர். பிரவுசர் போகிற இடம் அதற்குப் பின்னால் இருப்பது.

ஆகவே சுருக்கி இப்படி எழுதினேன்:

`^(?:[^:/?#]+://)?(?:[^/?#]*@)?([^/?#:]+)`

`(?:` என்று தொடங்கும் அடைப்புகள் பொருத்திப் பார்க்க மட்டும் செய்யும், விடையில் வராது. அதனால் ஒரே பத்தியில் ஒரே விடை. முதல் அடைப்புக்குப் பின்னால் உள்ள கேள்விக்குறி, எச்டிடிபிஎஸ் இல்லாமல் வருகிற மொட்டை முகவரியையும் விடாமல் பிடிப்பதற்கு. வட்ஸ்அப்பில் கையால் தட்டி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

இதையும் ஒருவன் ஏமாற்றினான். பின்சாய்கோடு போட்டு:

`எச்டிடிபிஎஸ்://உதவி-படிவம்.டாப்\@நலன்.கவ்.எல்கே`

என் வாய்பாடு `@` வரை உள்ளதைப் பயனர் பெயர் என்று தள்ளிவிட்டு, நலன்.கவ்.எல்கே என்று சொன்னது. பிரவுசர்களோ இத்தகைய முகவரிகளில் பின்சாய்கோட்டையும் சாதாரணச் சாய்கோடாகவே எடுத்துக்கொள்ளும். அதாவது முகவரி டாப் என்பதோடு முடிந்துவிட்டது, மிச்சம் வெறும் வால். வாய்பாடு ஓர் இடத்தைச் சொல்கிறது, பிரவுசர் வேறோர் இடத்துக்குப் போகிறது. இந்தப் பரிசோதனையில் என்னை மிகவும் கலங்க வைத்தது இதுதான், ஏனென்றால் ஆவணத்தின்படி என் வாய்பாட்டில் பிழை இல்லை. சனம் அழுத்துவது பிரவுசரில், ஆவணத்தில் இல்லை. ஆகவே பிரவுசர் பக்கம் சாய்ந்து பின்சாய்கோட்டையும் முடிவுக் குறிகளில் சேர்த்தேன்:

`^(?:[^:/\\?#]+:[/\\]+)?(?:[^/\\?#]*@)?([^/\\?#:]+)`

இன்று ஷீட்டில் இருப்பது இந்த வரி. சதுர அடைப்புக்குள் எண்முகவரி வரும் புதிய வகை இதில் உடையும். எங்களுக்கு அப்படி ஒன்று வந்ததில்லை, விட்டுவிட்டேன்.

தமிழ்ப் பெயர் வந்தபோது

இலங்கைக்கு எல்கே மட்டும் அல்ல, `.இலங்கை` என்ற தமிழ் முடிவும் சிங்கள முடிவும் 2010இல் இருந்து உண்டு. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இதேபோல் தமிழ் முடிவுகள் இருக்கின்றன. எங்கள் குவியலில் தமிழ் டொமைன்கள் அதிகம் இல்லைதான். ஆனால் வந்தவை எல்லாம் சிதைந்து வந்தன.

காரணம், நடுவில் ஒரு தடவை பாடப் புத்தக முறையில், "சொல்லெழுத்து" என்பதைக் குறிக்கும் பின்சாய்கோடு-டபிள்யூவை வைத்து எழுதிப் பார்த்தேன். கூகுள் ஷீட்டின் ரெஜெக்ஸ் இயந்திரமான ஆர்ஈ2 அதை ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு என்று மட்டும்தான் புரிந்துகொள்ளும். தமிழில் ஒரு எழுத்தும் சிக்காது. சரி, பைதான் என்ற நிரல்மொழி யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்குமான பொதுக் குறியீட்டு முறை) தெரிந்தது ஆயிற்றே என்று அதில் போட்டேன். `இலங்கை` என்று கொடுத்தால் `இலங` என்று ஒரு துண்டும் `க` என்று ஒரு துண்டும் வந்தன.

கிட்டப் போய்ப் பார்த்தால் விஷயம் தெரிகிறது. நாம் நான்கு எழுத்தாக எண்ணும் இலங்கை, கணினிக்குள் ஆறு குறியீடு: இ, ல, ங, புள்ளி, க, ஐகாரக் கொம்பு. பைதானின் ரெஜெக்ஸுக்கு மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் எழுத்து அல்ல, ஒட்டுக்குறி. அதனால் ங-வோடு நின்றுவிடுகிறது, க-வைத் தனியாக எடுக்கிறது, கொம்பைக் கீழே போடுகிறது. `[அ-ஹ]` என்று எல்லை போட்டாலும் இதே கதிதான், குறிகள் எல்லாம் ஹ-வுக்கு அப்பால் இருக்கின்றன. தமிழில் ரெஜெக்ஸ் எழுதும் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். "எது எழுத்து" என்று இயந்திரத்திடம் கேட்டால் தமிழைப் பாதியாக்கித் தரும். "எது முடிவுக் குறி" என்று நாம் சொன்னால் முழுதாகத் தரும்.

இன்னொரு தொல்லை. டொமைன் அமைப்பின் அடியில் ஆங்கில எழுத்துதான் ஓடுகிறது. தமிழ்ப் பெயரைப் பியூனிகோட் என்ற முறையில் மாற்றி, முன்னால் எக்ஸ்என் என்ற இரண்டு எழுத்தும் இரண்டு சிறுகோடும் சேர்த்துப் பதிவார்கள். பிரவுசரில் இருந்து நகல் எடுத்தால் சில வேளை அந்த வடிவம் வருகிறது, கையால் தட்டினால் தமிழ் வடிவம் வருகிறது. ஒரே தளம் பட்டியலில் இரண்டு தடவை நின்றது. இதை ரெஜெக்ஸ் தீர்க்காது. பைதானில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் எண்ணுகிறோம். ஆங்கிலப் பெயர்களைச் சிறிய எழுத்துக்கு மாற்றுவதும், வாக்கிய முடிவுப் புள்ளி ஒட்டிக்கொண்டு வந்தால் உதிர்ப்பதும் அங்கேயேதான்.

சொந்தக்காரர் யார்

ஹோஸ்ட் கையில் வந்தபின், கடைசி இரண்டு துண்டை எடுத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள்: `[^.]+\.[^.]+$`. `நலன்.கவ்.எல்கே.உதவி-படிவம்.டாப்` என்பதற்கு `உதவி-படிவம்.டாப்` என்று சரியாக வரும். நமது நாட்டு முகவரிக்கு வந்தால் அது சறுக்கும். எல்கேயின் கீழ் நேரடியாகவும் பெயர் பதியலாம், கவ், காம், ஓர்க், ஏசி, எஸ்சிஎச் போன்ற இரண்டாம் அடுக்கின் கீழும் பதியலாம். கடைசி இரண்டை எடுத்தால் எல்லாத் திணைக்களமும் `கவ்.எல்கே` என்ற ஒரே ஆளாகிவிடும், `காம்.எல்கே`யில் உள்ள அத்தனை கடைகளும் ஒரே கடையாகிவிடும். எப்போதும் கடைசி மூன்றை எடுத்தாலோ `தளிர்.எல்கே` போன்றவை கெடும்.

நான் வைத்திருப்பது:

`[^.]+\.(?:(?:கவ்|காம்|ஓர்க்|ஏசி|எஸ்சிஎச்)\.எல்கே|[^.]+)$`

இதில் ஐந்தை மட்டும் காட்டியிருக்கிறேன், உண்மையில் பட்டியல் நீளம். உலகம் முழுதுக்கும் இப்படி எந்த முடிவின் கீழ் பெயர் பதியலாம் என்று மொசில்லா தொடங்கி வைத்த பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட் என்ற பட்டியல் இருக்கிறது. நமது எல்கே அடுக்குகள் எல்லாம் அதில் உண்டு. கிட்ஹப்.ஐஓ போல, ஒவ்வொரு கிளையும் வேறு வேறு ஆளுக்குச் சொந்தமான இடங்களும் அதில் உண்டு. எது சொந்தக்காரரின் எல்லை என்பது பதிவாளர்கள் எடுத்த முடிவு, குறிகளைப் பார்த்து ஊகிக்க முடியாது. ஆகவே பெரிய குவியலுக்கு இந்தப் பட்டியலைப் படிக்கும் பைதான் நூலகத்தையே பாவிக்கிறோம். ஷீட்டில் அவசரத்துக்கு மேலே உள்ள வரி.

"அரச தளம்" என்ற பத்திக்கு இப்போது ஹோஸ்டின் மேல் மட்டும் ஓடும் தேடல்:

`(^|\.)கவ்\.எல்கே$`

கடைசியில் உள்ள `$` குறி "இதோடு முடிய வேண்டும்" என்கிறது. முன்னால் உள்ள `(^|\.)` எதற்கு என்று ஒரு தம்பி கேட்டான். அதை எடுத்துவிட்டால் `நம்மகவ்.எல்கே` என்று யாராவது பதிந்த பெயரும் அரச தளமாகிவிடும். கவ் என்பதற்கு முன்னால் புள்ளி இருக்க வேண்டும், அல்லது அதுவே தொடக்கமாக இருக்க வேண்டும்.

இப்போது

ஒரு டசின் முகவரிகளைச் சோதனை வரிசையாக ஷீட்டின் தலையில் நிரந்தரமாக வைத்திருக்கிறேன். பேராசை, கேள்விக்குறி, `@`, பின்சாய்கோடு, போர்ட், தமிழ்ப் பெயர், நம்மகவ், அக்காவின் முகவரி எல்லாம் அதில் உண்டு. எதிரே சரியான விடையைக் கையால் எழுதியிருக்கிறேன். வாய்பாட்டில் ஒரு குறியை மாற்றினாலும், அந்த டசினும் பச்சையாக வந்த பிறகுதான் கீழே இழுப்பேன். "அரச தளம்" என்று விழும் ஒவ்வொரு வரியையும் அச்சுக்கு முன் இன்னொருவர் கண்ணால் பார்க்கிறார். பழைய பேப்பரைக் கிழித்துவிட்டு, எது பிழையாக அச்சானது என்று பெரிய எழுத்தில் எழுதி அதே இடத்தில் ஒட்டினோம். அந்த இணைப்பைப் பரப்பிய குழுக்களுக்கும் அதை அனுப்பினோம்.

முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகள் வழியாக வருவதை இந்த முறையால் பிரிக்க முடியாது. டொமைன் என்று கிடைப்பது சுருக்கியவரின் பெயர்தான். அவற்றை "தெரியாது" என்ற தனிப் பத்தியில் போடுகிறோம்.

அக்கா அடுத்த சம்பள வாரத்தில் மறுபடி வந்தார். கூடவே பக்கத்து லயத்துப் பெண்கள் இரண்டு பேர். சுவரில் இருந்த கடித உறைப் படத்தைக் காட்டி, "முதல் கோட்டுக்கு முன்னால கடைசியா என்ன எழுதியிருக்குன்னு பாரு" என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் தன் போனில் இருந்த க்யூஆர் சதுரம் ஒன்றைக் காட்டி, "இதுல கோடே இல்லையே அக்கா" என்றார். இந்த வாரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.